நல்ல தண்ணீரில் செத்த இறால்

எங்கள் ஊர்ச் சாட்டிக் கடலில், முழங்கால் தண்ணீரில், பூப்போல விரியும் கடற்பிராணியான ஒரு கடற்சாமந்தியின் கைகளுக்குள் அந்த இறாலைப் பிடித்துக் கடல்தண்ணீர்ப் போத்தலில் விட்டேன். நகமளவுதான். உடம்பு கண்ணாடி, குடல்கூடத் தெரியும். சாமந்தியோடு வாழும் இறால்களை வகை பிரிப்பதுதான் என் பட்ட ஆய்வு. அதுவரை பிடித்தவற்றுக்கெல்லாம் காலில் ஊதா வளையம் இருந்தது. இதற்கு வளையமே இல்லை. முதுகில் வால் நுனிவரை ஒரு மஞ்சள் கோடு. இருந்த புத்தகமெல்லாம் புரட்டினேன், எதிலும் இப்படி ஒன்றில்லை. இது யாரும் காணாத புதுச் சாதி இறால் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

இந்த இறால்களுக்கு நிறம்தான் பாதி அடையாளம். செத்தால் உடம்பு வெளுத்துவிடும், பழுதாகாமல் வைக்க அற்ககோலில் போட்டால் மிச்ச நிறமும் போய்விடும். உயிரோடு படம் எடுத்தாக வேண்டும். என் ஃபோனில் எடுத்தால் போத்தலும் என் விரலும்தான் தெளிவாக விழுந்தன. நல்ல கமரா என் பேராசிரியரிடம் இருந்தது. அவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"உயிரோட வைச்சிரும், விடிய வாறன்," என்றார். விடிந்தது. அவருக்கு ஒரு கலியாண வீடாம். "நாளைக்கு வாறன். இறால் எங்க ஓடப் போகுது?"

போத்தல் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. புதுக் கடல்தண்ணீர் அள்ளிவரப் பிளாஸ்டிக் கானோடு சாட்டிக்கு ஓடினேன். எங்கள் வேலணைக் கிணறு உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அதில் ஒரு செம்பு வீணாக்கினாலும் அம்மாவிடம் ஏச்சு விழும்.

திரும்பி வந்தபோது அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். "தண்ணி கலங்கிப் போச்சு பிள்ளை. பவுசர்த் தண்ணியை வார்த்து விட்டனான். பாவம், அதுவும் ஒரு சீவன்தானே."

போத்தலின் அடியில் இறால் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

"ஐயோ அம்மா, உப்பில்லாத நல்ல தண்ணியில கடல் இறால் செத்துப்போகுமெல்லோ!" என்று கத்திவிட்டேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். உண்மையில் எனக்குக் கோபம் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்த பேராசிரியர் மேல்தான்.

அடுத்த நாள் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார் மனுசன். செத்த இறாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மூக்குக் கொம்பில உள்ள முள்ளுப் பல்லெல்லாம் வழமையான சாதிக்கு உள்ளது மாதிரித்தான் இருக்கு."

"மஞ்சள் கோடு இருந்தது சேர். நான் கண்டனான்."

"நீர் கண்டது சரி. படம் எங்க?"

வழமையான சாதியின் பெயரைச் சீட்டில் எழுதி இறாலோடு அற்ககோல் போத்தலுக்குள் போட்டார். தேத்தண்ணி குடித்தார், போனார். நான் பிறகு எத்தனையோ தரம் அந்தக் கடலில் இறங்கிவிட்டேன். மஞ்சள் கோட்டை ஒருநாளும் காணவில்லை.

அவர் போனதும் அம்மா கிட்ட வந்தார். இறால் செத்த நேரத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அப்ப அது புதுசு ஒண்டும் இல்லையோ பிள்ளை? சும்மா இறால்தானோ?"

போத்தலில் இருந்த சீட்டைப் பார்த்தேன். "ஓம் அம்மா. சும்மா இறால்தான்."

அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். குசினிக்குள் போய் எனக்கும் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தார். அவர் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.