விட்ட மாத்திரையும் துடிக்க வைத்த பெட்டியும்

"ஏண்டி, பால்ல மஞ்சப்பொடி போட்டியா?" என்று என் கணவர் கேட்டார். வெள்ளை வெளேரென்ற பால். "கண்ணைத் தொடச்சுண்டு பாருங்கோ," என்று கடுகடுத்தேன். சுவரும் அவருக்கு மஞ்சளாகத் தெரிந்ததாம். அடுத்து வாந்தி. அப்படியே சரிந்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து டாக்சியில் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் நாடியைப் பிடித்ததுமே டாக்டரின் முகம் மாறியது. "என்ன மாத்திரை சாப்பிட்டாரு, சொல்லுங்கம்மா."

டிஜாக்சின் (தளர்ந்த இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து). வைகுண்ட ஏகாதசி உற்சவ நாட்களில் பெருமாளைச் சேவிக்காமல் இவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. காலை மாத்திரை தினமும் விட்டுப்போயிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. துவாதசியன்று விரதம் முடித்ததும் விட்டதையெல்லாம் ஒரே வாயில் போட்டுக்கொண்டாராம். பால் மஞ்சளாகத் தெரிந்ததும் இந்த மருந்து மிஞ்சிப்போனதால்தானாம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி டாக்டருக்கே விளக்கினார்: "சந்தியாவந்தனம் காலம் தப்பினா, ஒரு அர்க்யம், ஒரு கை ஜலம், கூடுதலா விட்டுச் சரிபண்ணிடறோமே. அதுமாதிரிதான்."

அட பெருமாளே! மாத்திரைக்குமா சாஸ்திரம் பார்ப்பார் மனுஷர்?

இதய அடைப்பு (மேல் அறையின் உத்தரவு கீழ் அறைக்குப் போகாத நிலை) என்றார்கள். துடிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கைகால் சில்லிட்டுவிட்டன. "மருந்து உடம்பைவிட்டு இறங்குற வரைக்கும் ஒரு மெஷின்தான் இதயத்தைத் துடிக்க வைக்கணும். நிச்சயமா எதுவும் சொல்ல முடியலம்மா," என்றார் டாக்டர். எனக்கு அழக்கூட வரவில்லை.

தொடையின் ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தினார்கள். மறுமுனையில் டிரான்சிஸ்டர் ரேடியோ அளவில் ஒரு பெட்டி: பேஸ்மேக்கர் (மின்சாரத்தால் இதயத்தைத் தட்டித் துடிக்க வைக்கும் கருவி). அதன் சின்ன விளக்கு மின்னும்போதெல்லாம் அவர் கழுத்து துடித்தது. மெல்ல உதட்டில் நிறம் வந்தது. "பசிக்கறது," என்றார். அந்தப் பெட்டியைக் கைகூப்பிச் சேவித்தேன், இதில் என்ன வெட்கம்?

சில நாள் கழித்து டாக்டர் பெட்டியின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். விளக்கு நின்றது. நர்ஸ் அவருடைய மணிக்கட்டை எடுத்து என் விரல்களில் வைத்தார். "பாருங்க மாமி, இப்ப அவரே ஓட்டுறாரு."

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை இருந்தால், விட்டதைச் சேர்த்துப் போடவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். இவர் கோயிலுக்குக் கிளம்பும் முன் நானே மாத்திரையை வாயில் போட்டுவிடுகிறேன். பெருமாள் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் பால் காயும் நேரத்தில் என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கம்பி இல்லை, பெட்டி இல்லை, குமிழைத் திருக ஆளும் இல்லை. இத்தனை வருஷமாக என் இதயம் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பால் பொங்கி வழிந்தாலும் கையை எடுக்க மனம் வருவதில்லை.