அம்மா சொன்ன ஒரு பொய்

எங்கள் அம்மா மயிலைக் கடற்கரைக் குப்பமொன்றில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு அங்கேயே கண்மூடினார்கள். எங்கள் நைனாவைக் கடல் கொண்டுபோனபின், மீன்கூடை சுமந்து மூன்று பெண்களை ஆளாக்கினார்கள். இதெல்லாம் இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் அறிந்ததே. அறியாத ஒன்றை எழுதாவிட்டால் என் மனம் ஆறாது.

ரங்கூன் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கப்பலேறித் தப்பிவந்த பத்துக் குடும்பங்கள் எங்கள் குப்பத்தோரம் ஓலைக் குடிசை போட்ட காலம் அது. கரைவலைக் கயிற்றை இழுப்பவருக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு என்பது எங்கள் வழக்கம். அவர்களும் வந்து இழுத்தார்கள். மீனோ சரியாகப் படவில்லை. இருக்கிறதற்கு இத்தனை கைகளா என்று குப்பம் குமுறியது. குப்பத்தைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு.

ஒரு காலை, வலை கரையேறியதும் ரங்கூன்காரப் பெண்ணொருத்தி மணலில் சிதறிய நெத்திலியைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். பங்கு பிரிக்குமுன் ஒரு மீனையும் தொடக்கூடாது என்பது, பாவம், அவளுக்குத் தெரியாது. “திருடி!” என்று ஒரே கூச்சல். பத்துக் குடும்பத்தையும் அன்றே விரட்டுவதென்று குப்பத்துத் தலைவர் எழுந்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார்கள்.

“நான்தான் மாமா எட்த்துக்கச் சொன்னேன். என் பங்குல கழிச்சிக்கோ.”

பச்சைப் பொய்! அந்தப் பெண்ணிடம் அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தலைவர் விடவில்லை. “அப்போ இவங்க இங்க கீற வரிக்கும் உன் பங்குல பாதி இவங்களுக்கு. இன்னா, ஒத்துக்கிறியா?”

கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கென்று குப்பம் தரும் பங்கு அது. எங்கள் சோறே அதுதான்.

“ஒத்துக்கிறேன்” என்றார்கள் அம்மா.

அவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போகும்வரை இரண்டு வருஷம்! பாதிக் கூடைதான் வீட்டுக்கு வந்தது. “நாங்க இன்னா பாவம் பண்ணோம்?” என்று நான் கத்துவேன். “பேசாம துன்னு” என்பார்கள். கைநாட்டு வைக்கிற அம்மாவுக்கு அத்தனை பேர் நடுவில் அந்தத் துணிச்சல் எங்கிருந்துதான் வந்ததோ! நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்த வைத்தியருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள்கொடுத்த குப்பத்தாருக்கும் எங்கள் நன்றி. கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியவர், மற்றவர்கள் போனபின்னும் எங்களோடு தங்கிவிட்ட அந்த நெத்திலி பொறுக்கிய பெண், எங்கள் ரங்கூன் சித்தி. மலரில் நன்றி போடுகிறோம் என்றதும் சித்திக்கு வந்ததே கோபம்!

“வூட்டு மன்ஷாளுக்கு யார்னா நன்றி சொல்வாங்களா?”

ஆகவே அவர் பெயரை நன்றியில் எழுதவில்லை. கீழே, துயருறும் மகள்களின் பெயர்களுக்கு மேலே, அம்மாவின் தங்கை என்று அச்சிட்டிருக்கிறோம்.