முதுகு காட்டி நின்றவள்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. கண் கூசும் விளக்குகளுக்கு நடுவே, இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. நடந்தது இர்மா ப்ரூயிட் என்ற நடிகைக்கு. அவள் வாயாலேயே கேட்டேன். சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். அதனாலேயே நம்பினேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் படங்கள் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. பெரிய படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் ஒரு சிரிப்புப் படம் ஓட்டுவார்கள். வழுக்கி விழுவது, உதை வாங்குவது, மூஞ்சியில் கேக் அப்பிக்கொள்வது... இதெல்லாம் ஆண்பிள்ளைகள் செய்கிற வேலை என்று பலபேர் நினைத்துக்கொண்டிருந்தபோது, இர்மாவும் வெர்னா கொபெட்ஸ்கியும் ஜோடி சேர்ந்தார்கள்.

இர்மா ஒட்டடைக்குச்சி. வெர்னா உருண்டை, சிகாகோவில் கசாப்புக்கடை வைத்திருந்தவரின் மகள். இர்மாவின் முகத்தில் சிரிப்பு வரவே வராது. வெர்னாவின் முகத்தில் சிரிப்பு அடங்கவே அடங்காது. எந்தப் படமானாலும் வெர்னா எதையாவது பிடித்து இழுப்பாள், இர்மா அவள் மேல் வந்து விழுவாள். கதை அவ்வளவுதான். ஜனங்கள் அதற்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏ கொக்கு! உன் எலும்பு குத்திக் குத்தியே நான் சல்லடை ஆயிட்டேன்டி" என்பாள் வெர்னா.

"நீ பீப்பா மாதிரி இருக்கப்போயிதான்டி நான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்பாள் இர்மா.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. உயரத்தில் நிற்கிறவளுக்கு, கீழே இருப்பவள் எப்போது இழுப்பாள் என்று தெரியாது. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது, மைக் கேட்டுவிடும். அதனால் இழுப்பதற்கு முன்னால் வெர்னா, இர்மாவின் கெண்டைக்காலில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். கிள்ளு விழுந்ததும் இர்மா தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொள்ளாமல் மல்லாக்க விழுந்தால் கழுத்து போய்விடும். இந்தக் கிள்ளு விஷயம் டைரக்டருக்குக்கூடத் தெரியாது. இரண்டு பேருக்குள் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை வெர்னாவுக்கு வயிற்றுவலி. குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை விடியும்போது அவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சவப்பெட்டியை ரயிலேற்றிச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். சாமான்கள் ஏற்றும் பெட்டிக்குள் அதைத் தள்ளிக் கதவைச் சாத்தும்வரை இர்மா பிளாட்பாரத்தில் நின்றாள். அழுகை வரவில்லை. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள். வரவில்லை. பசித்தது. ஸ்டேஷன் ஓட்டலில் ஒரு சாண்ட்விச் வாங்கிக் கடித்தாள். காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது. முழுவதையும் தின்றாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் டைரக்டர் லிண்டால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒரே ஒரு காட்சிதாம்மா பாக்கி. பசைக் காட்சி. அத முடிக்கலைன்னா படத்தையே தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் தெருவுல நிப்பாங்க."

"வெர்னாவுக்கு யாரு?"

"ஓபல் டன்னிங்னு ஒரு பொண்ணு. கூட்டத்துல ஆடுறவ. வயித்துல தலையணை கட்டி, கேமராவுக்கு முதுகக் காட்டி நிக்க வெச்சிடலாம். மூஞ்சியே தெரியாது."

"சரி."

"இர்மா... உனக்கு முடியுமா?"

"சரின்னுட்டேனே."

திங்கட்கிழமை காலை ஓபல் வந்தாள். சின்னப் பெண். வெர்னாவின் பூப்போட்ட கவுன் மாதிரியே ஒன்று அவசரமாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். செருப்பு மட்டும் வெர்னாவுடையது. உள்ளே பஞ்சு அடைத்திருந்தார்கள்.

"அக்கா, இது அவங்க செருப்பாக்கா?"

"ஆமா."

"எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு."

"பசையக் கலக்கு. அப்புறம் வாளியப் பிடிச்சு இழு. வாளிக்கயிறு ஏணிக்கால்ல மாட்டியிருக்கும். ஏணி சாயும், நான் விழுவேன். அவ்ளோதான்."

கிள்ளுவதைப் பற்றி இர்மா ஒன்றும் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. அதற்காக வாயைத் திறக்க வேண்டுமே என்றிருந்தது. விழும்போது கழுத்து என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமையிலிருந்து எதைப் பற்றியும் அவள் யோசிக்கவில்லை. ஒத்திகையில் மெத்தையின் மேல் பொத்தென்று தலை பின்னால் தொங்க விழுந்தாள். லிண்டாலின் முகம் மாறியது.

"கழுத்தப் பாத்துக்கம்மா!"

"ம்."

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் காட்சி. செட்டில் ஒரு அறை. இரண்டு ஏணிகள், நடுவில் ஒரு பலகை. பலகையின் மேல் இர்மா சுவரைப் பார்த்து நின்று பூக்காகிதம் ஒட்ட வேண்டும். அவள் காலடியில், கீழே, பெரிய தொட்டி நிறைய மைதாப் பசை, பக்கத்தில் கயிறு கட்டிய வாளி. தொட்டியருகே ஓபல், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீளக் குச்சியால் பசையைக் கலக்க வேண்டும்.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். 'டக்' என்று கட்டை தட்டினார்கள். அதன்பின் பெரிய விளக்குகளின் 'ஊம்ம்...' என்ற இரைச்சல் மட்டும்.

இர்மா காகிதத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்தாள்.

கீழே பசை கலங்கும் சத்தம்.

சளக்... சளக்...

ஒத்திகையில் குச்சி தொட்டியில் 'டொக், டொக்' என்று இடித்துக்கொண்டே இருந்தது. இப்போது இடிக்கவில்லை. குச்சியை விட்டுவிட்டுக் கையாலேயே பிசைகிறாள் போலிருக்கிறது என்று இர்மா நினைத்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றும் நினைத்தாள். யாரோ எங்கேயோ நினைப்பதுபோல் இருந்தது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல். ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாத கேமராக்காரர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். விளக்குப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். லிண்டாலின் கண்களில் தண்ணீர்.

முதல் நாள் நடிக்க வந்த பெண்ணின் முதுகைப் பார்த்து யாராவது இப்படிச் சிரிப்பார்களா?

அப்போது அந்த வாடை வந்தது.

பச்சை வெங்காயம்.

கதாநாயகர்களைக் கடுப்பேற்றவென்றே வெர்னா தினமும் பச்சை வெங்காயம் வைத்த ரொட்டி தின்பாள். செட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இர்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சளக்... சளக்...

சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு. சிரிப்பை அடக்கும்போது மூக்கு வழியாக வரும் மூச்சு. 'ஃப்ர்ர்...'

வருடக்கணக்காகக் கேட்ட மூச்சு.

கீழே பார்க்கக் கூடாது. காட்சிப்படி பார்க்கக் கூடாது. இர்மா பார்க்கவில்லை.

ஒலிப்பதிவுக்காரர் மெதுவாகக் காதுக்கருவியைக் கழற்றினார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சத்தம் நின்றது.

ஒன்றுமில்லை.

பிறகு...

கெண்டைக்காலில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

இர்மாவின் மனசுக்கு எட்டுவதற்குள் உடம்புக்கு எட்டிவிட்டது. தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஏணி சாய்ந்தது. பலகை நழுவியது.

ஆனால் ஒத்திகையில் சாய்ந்த பக்கம் சாயவில்லை.

மெத்தை இல்லாத பக்கம்.

விழுந்தாள்.

தரையில் இல்லை.

எதன் மேலோ.

பெரியது. மெத்தென்றிருந்தது. தலையணை இல்லை... உடம்பு.

அதில் மூச்சு இல்லை.

சில்லென்றிருந்தது.

"கட்!"

அதுவரை அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒரே வெடியாக வெடித்தது. அடுத்த நொடி அப்படியே அறுந்து நின்றது.

இர்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே வெறும் பலகைத் தரை. ஓபல் நான்கடி தள்ளி, தொட்டியருகே, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். இருந்த இடத்தை விட்டு அவள் நகரவே இல்லை.

"ஓபல்" என்றார் லிண்டால்.

அவள் திரும்பவில்லை.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் ட்ரஸ்கோ போய் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். ஓபலின் கண்கள் இறுக மூடியிருந்தன. கன்னமெல்லாம் கண்ணீர். பற்கள் கிட்டித்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. திருப்பியவுடன் அப்படியே சரிந்து விழுந்தாள்.

இர்மா தன் காலைப் பார்த்தாள். காலுறையின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை அப்பியிருந்தது.

துடைத்துவிட்டு எழுந்தாள்.

உடை மாற்றும் அறையில் ஓபலைப் போர்வையால் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். இர்மா எதிரே உட்கார்ந்து காதுக்குள் போயிருந்த பசையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் குச்சியத்தான்கா பிடிச்சிருந்தேன்."

"ம்."

"பின்னாலேர்ந்து ரெண்டு கை வந்துச்சு. குண்டுக் கை. என் கை மேல வெச்சு அழுத்துச்சு. சின்னப் புள்ளைக்கு எழுதக் கத்துக்குடுக்குற மாதிரி. குச்சியத் தட்டிவிட்டு... முழங்கை வரைக்கும் பசைக்குள்ள..."

"கத்தியிருக்கலாமே?"

"கத்தப் போனேன். காதுக்குள்ள பேசினாங்க."

இர்மாவின் கை காதருகே நின்றது. "என்ன பேசினா?"

"'திரும்பாதடி. அசையாத. கொக்கு என்னப் பாத்தா அழுதுடுவா, ஷாட்டு கெட்டுடும்'னாங்க." ஓபல் மூக்கை உறிஞ்சினாள். "கொக்குன்னா யாருக்கா?"

இர்மா விரலில் இருந்த பசையைத் துணியில் துடைத்தாள். ஏதாவது வரும் என்று மறுபடியும் காத்திருந்தாள், ரயிலடியில் காத்திருந்ததுபோல. உள்ளே எதுவும் அசையவில்லை. எங்கோ ஒரு கதவுக்கு வெளியே யாரோ தட்டுகிற மாதிரி மட்டும் இருந்தது.

ஓபல் அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டாள். சினிமாப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. லிண்டால் அந்தக் காட்சியைத் தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்தார். வெளியே வந்தவர் இர்மாவிடம், "ஒரே ஒரு முதுகுதாம்மா தெரியுது. யாரு முதுகுன்னு மட்டும் என்னக் கேக்காத" என்றார். வேறு ஆளை வைத்துத் திரும்ப எடுக்கலாமா என்று ஸ்டூடியோக்காரர்கள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். படம் வெளியானது. அந்தக் காட்சிக்கு ஜனங்கள் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இர்மா போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வெர்னாவின் தம்பி லாடிஸ்லாவ் அவள் சாமான்களை எடுத்துப்போகச் சிகாகோவிலிருந்து வந்தான். அவனும் உருண்டைதான். பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு, சமையலறையில் இர்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான். வெகுநேரம் கோப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். கடைசியா அவ என்ன வேலை பண்ணிட்டிருந்தா?"

"ஏன்?"

"புதன்கிழமை பெட்டி வந்துச்சு. வீட்டுல வெச்சுத் திறந்தோம். இங்கேயே குளிப்பாட்டி, கையில வெள்ளைக் கையுறை மாட்டித்தான் அனுப்பியிருந்தாங்க. அம்மா அவ கையப் பிடிச்சாங்க. பிடிச்ச கைய வெடுக்குனு எடுத்துட்டாங்க. வழவழன்னு இருந்துச்சாம். கையுறையக் கழட்டினா... முழங்கை வரைக்கும் மாவுப் பசை. நகத்துக்குள்ளல்லாம். அம்மா வெந்நீர் வெச்சுக் கழுவினாங்க."

"காஞ்சு போயிருந்ததா?"

"அதத்தான் கேக்க வந்தேன். மூணு நாள் ரயில்ல வந்த பெட்டி. ஈரமா இருந்துச்சுக்கா. அப்பதான் கலக்கின மாதிரி, சொட்டிக்கிட்டு இருந்துச்சு."



"பசைக் காட்சியத் திங்கக்கிழமைதான் எடுத்தோம்" என்றாள்.

அவன் விரல்களை மடக்கி நாள் எண்ணினான். எண்ணி முடித்ததும் முகத்தில் ரத்தம் இல்லை.

"காபி ஆறிடும்" என்றாள் இர்மா. "குடி."