ராசாத்தாக்காவின் சனிக்கிழமை லைவ்

ராசாத்தாக்கா மூன்று நாய்களை இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றதை நானூறு பேர் செல்போனில் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அந்த நாய்கள் பதினான்கு ஆடுகளைக் குதறியதையும் அதே நானூறு பேர்தான் பார்த்தார்கள். ஆனால் பேச்சு வந்தால் மூன்றைத்தான் பேசுகிறார்கள், பதினான்கை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தாராபுரத்துக்கு வடக்கே எங்கள் காடு. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவருடையது கொறங்காடு, அதாவது மழையை நம்பிப் புல்லை வளரவிட்டு ஆடு மேய்க்கிற நிலம். வேறு வெள்ளாமைக்கு லாயக்கில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனார். அதற்கப்புறம் ஆடு விற்கிற வேலை கொழுந்தனார் பாலுசாமி கைக்குப் போனது.

எங்கள் பக்கத்துச் சந்தையில் துண்டுக்கடியில் கைவிட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பொம்பளையின் விரலை எந்த வியாபாரி பிடிப்பான்? அக்கா குட்டியிலிருந்து வளர்த்த கிடாய்க்கு என்ன விலை என்பது அக்காவுக்குத் தெரியாது. பாலுசாமி வந்து, "இவ்வளவுக்குத்தானுங்க நங்கை போச்சு" என்பான். நங்கை என்றால் அண்ணி. அவன் சொன்னதுதான் விலை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்கா நேராக வியாபாரியிடமே போய்க் கேட்டுவிட்டார். வியாபாரி சிரித்தான். பாலுசாமி அத்தனை பேர் முன்னிலையில் அக்காவைக் கன்னத்தில் அறைந்தான். அறைந்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க நங்கை" என்றான். எங்கள் ஊரில் அடித்தாலும் மரியாதையாகத்தான் அடிப்பார்கள். உதட்டில் வழிந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறினார். நானும் அதே பஸ்ஸில் வந்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு உண்டு.

அடுத்த மாதமே அக்கா ஒரு செல்போன் வாங்கினார். பீளமேட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் பூஜிதா இன்ஸ்டாவில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் பட்டியிலிருந்து லைவ். பட்டி என்பது ஆடு அடைக்கிற வேலி. மூங்கிலில் போனைக் கட்டிவிட்டு, "வணக்கமுங்க, ஊட்ல எல்லாம் சௌக்கியங்களா?" என்று அக்கா ஆரம்பிப்பார். ஆடு ஆடாகப் பிடித்து நிறுத்தி, எது என்ன தின்றது, எதற்கு என்ன குணம் என்று சொல்வார். பார்க்கிறவர்கள் அங்கேயே பங்கு பதிந்துவிடுவார்கள். ஞாயிறு விடியலில் ஊரிலிருந்து அமீர் ஹம்சா வந்து அறுத்துக் கொடுப்பார். ஐஸ் பெட்டியில் அடுக்கி எட்டரை மணிக்குப் பீளமேட்டு அடுக்குமாடிகளில் கறி இறங்கிவிடும். தன் ஆட்டுக்கு விலை சொல்கிற வாய் இப்போது அக்காவுடையது. ஒன்றரை வருடத்தில் பாலுசாமி எங்கள் பக்கம் வருவதையே விட்டான்.

எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சந்தைக்குப் போன காலத்தில் ஆடு உயிரோடு காட்டைவிட்டுப் போகும். இப்போது வாராவாரம் இங்கேயே ரத்தமும் குடலும். "அக்கா, குழி வெட்டிப் பொதைச்சிருங்க, வெளிய கொட்டாதீங்க" என்று அமீர் ஹம்சா முதல் வாரமே சொன்னார். ஆள் கிடைக்கவில்லை, நேரமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையில் கொட்டினோம். நானும் சேர்ந்துதான் கொட்டினேன். ஆட்டைக் கண்டால் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த ஊர் நாய்கள் அந்த ஓடையில்தான் ருசி கண்டன.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. பட்டியில் இருபத்துமூன்று ஆடுகள், பாதிக்கு மேல் பதிவாகிவிட்டன. லைவ் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஓடைப் பக்கமிருந்து ஐந்து நாய்கள் வேலியைத் தாண்டிக் குதித்தன. செம்மறிக்கு எதிர்த்து நிற்கத் தெரியாது, மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்படி ஏறிக்கொண்டதை நாய்கள் தொண்டையைப் பிடித்து இழுத்து இழுத்துப் போட்டன. தின்னவில்லை. ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவின. சினையாடு ஒன்றின் வயிறு கிழிந்து குட்டி வெளியே விழுந்து கிடந்தது.

அக்காவின் கூச்சல் கேட்டு நான் மண்வெட்டியோடு ஓடியபோது அவர் போர்வெல் இரும்புக் குழாய்த் துண்டால் ஒரு நாயின் முதுகை உடைத்திருந்தார். இன்னொன்று அவர் முழங்காலுக்குக் கீழே கவ்வித் தொங்கியது. அதன் தலையிலேயே நான்கைந்து அடி அடித்தார். நான் ஒன்றை வெட்டப் பார்த்தேன், தப்பி ஓடியது, அதோடு இன்னொன்றும் ஓடியது. கடைசியாக நின்றது செவலை. அக்கா தினமும் சோறு வைத்து வளர்த்த நாய். "செவலை!" என்று அக்கா கத்தியதும் அது வாயிலிருந்த குட்டியைப் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. அக்கா ஒரு நொடி நின்றார். பிறகு அடித்தார். அது அடங்குகிற வரைக்கும் அடித்தார். மூங்கிலில் கட்டியிருந்த போன் அத்தனையையும் அனுப்பிக்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்குள் வீடியோ எங்கெங்கோ சுற்றியது. கொலைகாரி என்றார்கள், ஜெயிலில் போடு என்றார்கள். பீளமேட்டு வாடிக்கையாளர் சாய்ப்ரியா, தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறவர், "இனி இந்தக் கையிலிருந்து வருகிற கறி எங்கள் வீட்டுக்கு வேண்டாம்" என்று குரூப்பில் போட்டார். அதற்குப் பின்னால் வரிசையாகக் கேன்சல். ஸ்டேஷனில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். காலில் தையல் போட்டுக்கொண்டு வந்து அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். மிச்சம் ஒன்பது ஆடு. ஆர்டர் ஒன்றுமில்லை.

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சாயங்காலம் பாலுசாமி டிரைவரோடு டெம்போ கொண்டுவந்தான். "இதெல்லாம் பொம்பளைக்கு ஆவுற வேலைங்களா நங்கை? போனையும் கீனையும் தூக்கிக் கெணத்துல போடுங்க. மிச்சத்தை நான் சந்தைக்கு ஓட்டிப்போடறேன்" என்று பட்டிக்குள் நுழைந்து கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்தான்.

"கையை எடுங்க கொழுந்தனாரே."

"அட, சும்மா இருங்க."

"எடுங்கன்னு சொன்னனுங்க."

அவன் எடுக்கவில்லை. குழாய் இறங்கியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பாலுசாமி புழுதியில் உட்கார்ந்து, "கை போச்சுங்க நங்கை, ஐயோ கை போச்சுங்க" என்று அழுதான். அக்கா குனிந்து, "டெம்போல ஏறுங்க, ஆசுபத்திரிக்குப் போயிரலாம்" என்றார். கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுத் திருப்பியும் கொண்டுவந்து விட்டார். பொய் சொல்வானேன், எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு முழுக்க நாங்கள் குழி வெட்டினோம். திங்கட்கிழமை காலையில் அக்கா லைவ் போட்டார். சேலையில் ரத்தக் கறை அப்படியே இருந்தது. "வணக்கமுங்க. குடலை ஓடையில கொட்டுனது நானுங்க. நாய்க்கு ருசி காட்டுனது நானுங்க. அடிச்சுக் கொன்னதும் நான்தானுங்க. ஆட்டையும் நாயையும் ஒரே குழியிலதான் பொதைச்சிருக்கறேன். இனி எங்கூட்டுக் கறி வேணுங்கறவங்க ஒருவாட்டி நேர்ல வந்து பாத்துப்போட்டு வாங்கிக்குங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்த வாரம் ஏழு கார் வந்தது. ஏழாவதில் சாய்ப்ரியா. கறி வாங்க வரவில்லை என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார். புது மண்ணைப் பார்த்தார், மூங்கிலில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார், வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பாவமாவே இல்லையா?" என்று சாய்ப்ரியா கேட்டார். 

"பாவமாத்தானுங்க இருக்குது அம்மணி. நான் சோறு வெச்ச நாயி. பேரைச் சொன்னதும் வாலாட்டுச்சு." அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாவமாத்தானுங்க இருக்குது. நான் கையில தூக்கி வளத்துன குட்டி, அறுக்கப் புடிச்சாலும் எங்கிட்டத்தான் ஒண்டும். ஒன்றரை வருசமா வாங்கறீங்க. அதைய ஒருநாளும் கேக்கலீங்களே."

சாய்ப்ரியா காரில் ஏறினார். புகாரை வாபஸ் வாங்கவில்லை, அக்காவும் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஒரு ஆர்டர் வந்தது. ஒரு கிலோ, நெஞ்செலும்போடு, பெயர் சாய்ப்ரியா. அக்கா அதைப் படித்துவிட்டுப் பட்டிக்குள் போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "சரிங்க அம்மணி" என்று பதில் போட்டார்.