தங்கையின் முடியை நான் நேர்ந்துகொண்டேன்

மலேசியாவில், கிள்ளான் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நானும் என் தங்கை ருக்குவும் உட்கார்ந்திருந்தோம். அன்று அவளுக்கு இரண்டாவது கீமோ (புற்றுநோயை அழிக்க நரம்பு வழியாக ஏற்றும் மருந்து). அவள் தோளில் உதிர்ந்துகொண்டே இருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தேன். யாராவது பார்க்கிறார்களோ என்று கூச்சம் வேறு.

டாக்டர் தமிழ் அம்மாள்தான். ருக்குவின் தலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“முடியை ஒட்ட எடுத்துடுங்கன்னு போன தடவையே சொன்னேனே? தோலெல்லாம் சிவந்திருக்கு. வலிக்கலையா?”

“வலிக்குது டாக்டர். எங்க அக்காதான் வேணான்னுது. ஊர்லேர்ந்து வந்துக்குது, பேச்ச கேக்கணும்ல?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

காரணத்தை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருக்கலாம் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் இருக்கிறேன். ருக்கு கல்யாணமாகி மலேசியா போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அவளுக்கு மார்பில் கட்டி, பயாப்சி (கட்டியில் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்ததில் புற்றுநோய் என்று அவள் மகள் மாலா போனில் சொன்னாள். அன்றைக்கே திருத்தணி முருகன் மலையேறினேன். “என் தங்கச்சியைக் காப்பாத்து. அவ முடியை உனக்கே இறக்கறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இப்படித்தான் நேர்ந்துகொள்வோம். பிள்ளையைக் கேட்டா நேர்கிறோம்? இவளையும் கேட்கவில்லை. இவளுக்கு ஐம்பத்தெட்டு வயது என்பது அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை.

முதல் கீமோ முடிந்து ஒரு வாரத்தில் மலேசியா போய் இறங்கினேன். விமானத்தில் பெல்ட் மாட்டத் தெரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு முந்தானையால் மூடிக்கொண்டேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

கீமோவில் முடி கொட்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நேர்ந்த முடியில் கத்திரி படக் கூடாது. கோயிலில்தான் இறக்க வேண்டும். அதற்குள் இது தானாகவே உதிர்கிறதே, சாமி இவளைக் கைவிட்டுவிட்டாரோ என்று பயந்தேன். “வெட்டாதடி, பாக்க முடியாது என்னால” என்று மட்டும் அவளிடம் சொன்னேன். உதிர்ந்ததையெல்லாம் ஒரு கவரில் சேர்த்து என் பையின் அடியில் வைத்தேன்.

பத்து நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. தலையணையில் தலை வைத்தால் ஒவ்வொரு முடியின் வேரும் வலிக்கும். சாப்பாட்டில் முடி, வாயில் முடி. எனக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கீமோ முடிந்த மூன்றாம் நாள், தைலம் தேடி என் பையைத் திறந்தாள்.

“இன்னாக்கா இது?”

சொன்னேன்.

“என் தலைய வெச்சி நீ நேந்துக்கினியா? உனுக்கு தலை இல்ல?”

மாலா சிரித்துவிட்டாள். ருக்கு சிரிக்கவில்லை.

“மார எடுக்கப் போறாங்க. கையெல்லாம் ஊசி. இந்த நோவு எதையும் என்னக் கேட்டு செய்யல. நீயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா?”

“தப்புதான். சாமி குத்தம் ஆயிடப்போவுதேன்னு பயந்துகினு இருந்துட்டேன்.”

“ஆங், முருகன் என் மசுருக்குத்தான் காத்துகினு இருக்காரா? மாலா, முடி எடுக்கற மிஷின எடும்மா. பெரியம்மாவே எடுக்கட்டும்.”

பிளேடு கூடாது (கீறினால் கிருமி தொற்றும்) என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஷினை வாங்கி நெற்றியிலிருந்து பிடரி வரை மெதுவாக ஓட்டினேன். எடுத்து முடித்ததும், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த பொதட்டூர்பேட்டை நெசவுத் துண்டை நனைத்துத் தலையில் ஒற்றினேன். கவரை ருக்குவே குப்பையில் போட்டாள். பிறகு படுத்தவள் சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என் வேண்டுதல் அவளை என்ன பாடு படுத்தியது என்று புரிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் நானே கேள்வி கேட்டேன்: முடி கொட்டினால் கெட்டதுக்கா? இல்லை என்றார். வேகமாக வளர்வதையெல்லாம் அந்த மருந்து தாக்கும், நோய் எது முடி எது என்று அதற்குத் தெரியாது என்றார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் மறுபடி மலையேறினேன். நேர்ந்துகொள்ள எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். நேர்ந்ததைத் திரும்பக் கேட்க யாரும் சொல்லித்தரவில்லை. “நவுரும்மா, நவுரு” என்று சன்னதியில் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். “அது என் முடி இல்ல சாமி, தெரியாம சொல்லிட்டேன். வேணும்னா அவளக் கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதன் பிறகு மாலாவின் போன் வரும்போதெல்லாம், நேர்ந்ததை நான் திரும்பக் கேட்டது அவள் உயிருக்கு வினையாகிவிட்டதோ என்று எடுக்கவே பயம்.

மொத்தம் ஆறு கீமோ, பிறகு ஆபரேஷன், எல்லாம் முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. போன தடவை நல்லபடியாக வந்தது. அடுத்தது எப்படியோ தெரியாது. எனக்கு இப்போது ஆடி, தை என்று எதுவும் இல்லை. ஒரு பரிசோதனைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருப்பதுதான் காலம்.

நேற்று ருக்கு போனில் முகம் காட்டினாள். புதிதாக முளைத்த முடி சுருள் சுருளாக இருந்தது.

“பாருக்கா, யார் முடியோ என் தலையில வந்துக்குது.”

“தொட்டுப் பாக்கணும் போலக்குதுடி.”

“வாயேன். வந்து பாரு. ஆனா கேட்டுட்டுத் தொடு.”

போனை வைத்த பிறகும் என் உள்ளங்கை வெகுநேரம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.