பாவு நெடுகப் பேசிய பிரசங்கம்

என் முதற் பிரசங்கத்தைப் பற்றி ஆரணியில் ஒரு தவறான கதை உலவுகிறது. மண்டபத்தில் பேச்சு மறந்துபோய், வெட்கத்தால் நான் தெருவுக்கு ஓடிவிட்டேன் என்பது அந்தக் கதை. அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பெரும்பாலோர் அன்று பிறந்திருக்கவில்லை. நான் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. ஓடவும் இல்லை, நடந்தேன். ஏன் நடந்தேன் என்பதை என் கையாலேயே எழுதிவைப்பது முறையெனக் கருதுகிறேன்.

அப்போது நான் சென்னப்பட்டணத்தில் பி.ஏ. தேறி ஊர் திரும்பிய புதிது. என் தகப்பனார் மிஷன் பள்ளி உபாத்தியாயர். என் தங்கை வேலூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தாள். ஆரணியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறந்து அதில் கற்பிக்க வேண்டும் என்பதே அவள் விருப்பம். பள்ளிகளை மேற்பார்த்த துரை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். பட்டு நெய்யும் தெருவின் பெரியவர்கள் தங்கள் பெண்களை அனுப்புவதாக முன்கூட்டியே வாக்களிக்க வேண்டும். இல்லையேல் பள்ளி கிடையாது. தங்கை தெலுங்கு நாட்டின் ஏதோ ஒரு பள்ளிக்கு மாற்றப்படுவாள். அந்த வாக்கைப் பெற்றுத் தரும் பொறுப்பை நான் ஏற்றேன். பட்டம் பெற்றவன் ஊருக்குச் செய்யும் முதற்காரியம் அது. சோடை போகக்கூடாது என்ற உறுதி எனக்கு இருந்தது.

பேசுவதற்கென்று ஒரு முறை உண்டு. அதைக் கல்லூரியில் பயின்றிருந்தேன். வலக்காலைச் சற்று முன்வைத்து அசையாது நிற்க வேண்டும். இடக்கை கோட்டின் பித்தான் மேல் இருக்க வேண்டும். பார்வை கடைசி வரிசையின் தலைகளுக்கு மேலே செல்ல வேண்டும். பிரசங்கத்தை எழுதி, மனனம் செய்து, அடைமழை கொட்டிய அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே பழகினேன். கேட்பவளாகத் தங்கை எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, யாரைப் பாத்துப் பேசறே?"

"சபையை."

"சபை கீழ உக்காந்துகினு இருக்குது. நீ ஓட்டு மேல பல்லியைத் தேடிகினு இருக்கிற."

நான் தொடர்ந்தேன். ரோமாபுரித் தாய்மார்களின் கல்விச் சிறப்பை விவரிக்கும் பகுதி வந்ததும் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த ரோமாபுரிக்காரங்க பொண்ணுங்க நம்ம பள்ளிக்கூடத்துல சேரப்போறாங்களா?"

"உலக சரித்திரம் இல்லாத பிரசங்கம் பிரசங்கமாகாது."

"சேத்துக்க, சேத்துக்க. நெசவுத் தெருவுல யாராவது உன்னை ஒரு கேள்வி கேட்டா, அதுக்குப் பதில் ரோமாபுரியில இருக்குதான்னு மட்டும் பாத்துக்க."

அவள் வாய்த்துடுக்கை நான் பொருட்படுத்தவில்லை. என் கவலையெல்லாம் மழையைப் பற்றியது. தெருவின் நாட்டாமையைக் கண்டு சனிக்கிழமை காலை மிஷன் மண்டபத்தில் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். மழையால் வேலை முடங்கிச் சும்மா இருந்த அவர், "அதுக்கென்னங்க, எல்லாரையும் இட்டுகினு வர்றேன்" என்று உடனே ஒப்புக்கொண்டிருந்தார். மழை நீடித்தால் கூட்டம் வராதே என்று ஒவ்வோர் இரவும் ஜெபத்தில் மழை நிற்க வேண்டிக்கொண்டேன்.

ஜெபம் கேட்கப்பட்டது. சனிக்கிழமை வானம் துடைத்தாற்போல விடிந்தது. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் அணிந்து மண்டபத்துக்குப் போனேன். பெஞ்சுகள் வரிசையாகக் காத்திருந்தன. தகப்பனாரையும் மண்டபத்துக் காவற்காரரையும் தவிர ஒருவரும் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தங்கை தெருவரை போய்த் திரும்பினாள்.

"தெரு முழுக்கப் பாவு போட்டுட்டாங்க அண்ணா. ஒருத்தரும் வரமாட்டாங்க."

தறியில் ஏற்றப்போகும் நீள்நூலைப் பாவு என்பார்கள். அதைத் தெரு நெடுகிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து வெயிலில் உலர்த்தினால்தான் தறிக்குப் போகும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும். மழையில் அத்தனை வீட்டுத் தறிகளும் வெறுமையாய்க் கிடந்தன. வந்த முதல் வெயிலை அவர்கள் விடுவார்களா? நான் வேண்டிப் பெற்ற வெயில்தான் என் சபையைக் கொண்டுபோயிற்று.

"இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்றார் தகப்பனார். துரை திங்களன்று பட்டணம் புறப்படுகிறார். அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்பது தகப்பனாருக்கும் தெரியும். வாயாடியான தங்கை பேசாதிருந்ததே என்னை எழுப்பிற்று. மண்டபத்தை விட்டு இறங்கினேன். இதைத்தான் ஓட்டம் என்கிறார்கள்.

தெருவின் நடுவே அரக்கு நிறப் பாவு ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடுப்பளவு உயரத்தில் நீண்டிருந்தது. இருபுறமும் ஆண்களும் பெண்களும் குனிந்து நின்றார்கள். என்னைக் கண்டதும் நாட்டாமை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, வெயில் வந்துட்டுது. பாவை விட்டுட்டு எங்க வர்றது? நீங்க இங்கயே பேசுங்க, வேலை செஞ்சிகினே கேக்கறோம்."

நான் ஒரு முனையில் வலக்காலை முன்வைத்து நின்று, "மாட்சிமை தங்கிய மகாஜனங்களே!" என்று தொடங்கினேன்.

"யாரைக் கூப்புடறாரு?" என்றாள் ஒரு பெண்.

"நம்மளத்தான்டி. மாட்சிமை தங்கியவளே, அந்த இழையை முடி!"

சிரிப்பு எழுந்தது. தொலைவில் இருந்தவர்கள், "ஒண்ணும் கேக்கல, கிட்ட வாங்க!" என்று கூவினார்கள். கோட்டும் தலைப்பாகையுமாய்த் தெருவில் நின்று கூவுவது என் தகுதிக்கு ஒவ்வாது. மேலும் அசையாது நிற்பதே நான் கற்ற முறை. ஆயினும் கேளாத சபைக்கு முறை எதற்கு? பாவின் ஓரமாக நடக்கத் தொடங்கினேன்.

நடந்தபோதுதான் ஒன்று விளங்கிற்று. ஓரிடத்தில் நிற்பவர் காதில் என் பேச்சின் ஒரு துண்டு மட்டுமே விழும். அடுத்த துண்டு அடுத்தவருக்கு. ரோமாபுரி முழுவதும் ஒரு கிழவருக்கே போய்ச் சேர்ந்தது. அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அந்த முனையை அடைந்து திரும்பியபோது, ஒவ்வொருவர் எதிரிலும் முழுதாகச் சொல்லி முடிக்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டேன். பார்வையை மேலே செலுத்த வழியில்லை. முழங்கை தூரத்தில் முகங்கள் இருந்தன. "உங்கள் பெண் எழுதப் படிக்க வேண்டாமா?" என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டேன். மூன்றாம் நடைக்குள் என் பிரசங்கம் என்னைவிட முன்னே ஓடிற்று. ஒருவரிடம் சொன்னதை அவர் அடுத்தவருக்குக் கூவினார். வீட்டில் பழகியதைவிட அந்தச் சில நடைகளில் நான் அதிகம் பழகிக்கொண்டேன்.

அப்போதுதான் இழை முடிந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரிங்க ஐயா. பொண்ணு பள்ளிக்கூடம் போய்ட்டா தார் யார் சுத்துவாங்க? நீங்க சுத்துவீங்களா?"

பாவின் குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார் என்னும் சிறு குழலில் சுற்றித் தருவது அந்த வீடுகளில் பெண்பிள்ளைகள் வேலை. தார் இல்லையேல் தறி நிற்கும். தெரு முழுவதும் கைகள் நின்றன. இதற்கு மனனம் செய்த பதில் இல்லை. தெருமுனையில் முக்காட்டோடு நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி நடுத்தெருவில் நின்று குரல் எழுப்பியது அதுவரை இல்லை. அவள் என் அனுமதிக்காகக் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் தயங்கி, "நீயே சொல்" என்றேன்.

"காலையில தார் சுத்தட்டும்!" என்று அவள் கூவினாள். "சோறு தின்னுட்டு மத்தியானம் வரட்டும். தறி நிக்காது. துரைகிட்ட நான் பேசிக்கறேன்."

"மத்தியானமா?" என்றார் நாட்டாமை.

நான் நடந்தேன். இம்முறை சொல்வதற்கு அதிகம் இல்லை. "காலையில் தார், மத்தியானம் பாடம்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பாதி தூரம் போகுமுன் அது மறுமுனையை அடைந்துவிட்டது. அங்கிருந்து ஒரு குரல், "சம்மதம்னு சொல்லுங்க நாட்டாமை, ஜல்தி! கஞ்சி காயுது!" என்றது.

நாட்டாமை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "என் பேத்தி மொதல்ல வருவா. அப்புறம் இவங்க வீட்டுப் பொண்ணுங்க. துரைகிட்ட போய்ச் சொல்லிடுங்க" என்று மீண்டும் பாவின் மேல் குனிந்தார்.

தங்கை துரையிடம் பேசினாள். நண்பகலுக்குப் பின் நடக்கும் பள்ளியை அவர் அதற்குமுன் கேட்டதில்லை, ஆயினும் இசைந்தார். தை பிறந்ததும் பள்ளி திறந்தது. விரல்களில் சாயச் சிவப்போடு வந்த பெண்கள் பலகையில் எழுதினார்கள். அவள் தெலுங்கு நாட்டுக்குப் போகவில்லை.

அதன்பின் பெரிய சபைகள் பலவற்றில் பேசியிருக்கிறேன். பேர் சொல்லும்படியாகவே பேசினேன் என்பார்கள். எங்கும் மேடையேறுமுன் வீட்டுக் கூடத்தில் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு நடந்து பேசிப் பார்ப்பேன். ஒருவரைக் கடப்பதற்குள் சொல்லி முடியாததை நீக்கிவிடுவேன். தங்கை இன்னும் எதிரில்தான் உட்காருகிறாள். ரோமாபுரி வந்துவிடுமோ என்று முன்கூட்டியே கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறாள்.