வெட்டி எறிந்த வேர்நுனி

கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து பி.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்தவள் நான். அரிவாள்மணையில் பழகிய கைதான் என்னைக் கவிழ்த்தது. பல்லாரி வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர்விட்டதும் கொண்டுபோவோம். செய்முறைத் தேர்வில் அந்த வேரை அமிலம் கலந்த சாயத்தில் போட்டுச் சூடாக்கினால், நுனி மட்டும் கருஞ்சிவப்பாகும். வெண்டைக்காயின் கறுத்த முனையை நறுக்குகிற பழக்கத்தில் அதை நறுக்கி எறிந்துவிட்டேன். வெளுத்த மீதியை அழகாக நசுக்கிக் காட்டினேன். அதில் வளர்ந்து நீண்ட செல்கள்தான் இருந்தன, தேர்வில் காட்டவேண்டிய, பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை. ஃபெயில்.

"மறுபரீட்சை எழுதுற இந்த மட்டமும் போச்சுன்னா, மார்த்தாண்டம் காலேஜுக்கு பஸ் ஏறுனது போதும், விட்டிரணும், கேட்டியா," என்றார் வீட்டுக்காரர். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது அவர்தான். சரி என்றுவிட்டேன்.

மறுதேர்வில் கருஞ்சிவப்பான நுனியை மட்டும் எடுத்தேன். கண்ணாடித் துண்டால் மூடி, ஒற்றுத்தாள் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். மைக்ராஸ்கோப்பில் முதலில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. மெதுவாக நகர்த்தினேன்.

அம்மாடி. ஒரு செல்லின் நடுவே சிவந்த நூல்துண்டுகள் வரிசைகட்டி நின்றன. பக்கத்துச் செல்லில் அவை இரண்டு பங்காகி எதிரெதிர்ப் பக்கம் விலகியிருந்தன. இன்னொன்றில் நடுவே சுவரே எழும்பியிருந்தது. எல்லாம் அமிலம் பட்டுச் செத்தவைதான், செய்த வேலையைப் பாதியில் விட்டபடி அப்படியே நின்றிருந்தன. விரல் நீள வேர் முழுவதும் இந்தக் குருணை அளவு இடத்திலிருந்து வந்ததாம். அடுக்களை ஜன்னலில் நான் வைத்த கிளாஸுக்குள், நான் தோசை சுட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம், இது சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அதையா போன தடவை குப்பையில் போட்டேன்!

"அக்கா, மேடம் ஒங்க முதுகுக்குப் பொறத்த நிக்காவ," என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

பதறி எழுந்தேன். தேர்வாளர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு என் தாளில் ஏதோ எழுதினார். பாஸா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னொரு மட்டம் பாக்கட்டா மேடம்?"

"பாருங்க," என்றார் அவர். "நானும் எத்தனையோ வருசமா பாக்கேன், இன்னும் அலுக்கல்ல. நீங்க அடுத்த வருசப் படிப்புக்கும் இங்கதான வருவிய."

நான் மறுபடி குனிந்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.